இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸை (கணினியின் பவர் சப்ளை) ஒரே சுவிட்சில் ஆன் செய்ய வண்டி ரிலே (மின்சாரத்தால் இழுபடும் சுவிட்ச்) போதுமா?

கடலை விட்டுத் தள்ளி இருந்தால் போதும். கடற்கரையில் இருந்தால் வேண்டாம். கேள்வியில் ஊரைச் சொல்லவில்லை. நான் ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் இருக்கும் கீழக்கரைக்காரன், அதனால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கணினியில் இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பீர்கள், சும்மா கிடக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை அதற்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "பெரிசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று எழுத வருகிறவர்களுக்கு: அதற்குக் காசு இருந்தால் அவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

வயரிங் சின்ன வேலை. முதல் எஸ்எம்பிஎஸ்ஸின் மோலக்ஸ் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். இரண்டும் ரிலேயை இழுக்கும் சுருளான காயிலுக்கு. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, அதன் கோடு மஞ்சள் பக்கம். இரண்டாவதின் 24 பின் கனெக்டரில் 16ஆவது பின் பச்சை வயர்; அது கறுப்போடு சேர்ந்தால் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும். அதையும் அடுத்துள்ள கறுப்பையும் ரிலேயின் காமனிலும் என்ஓவிலும் (ரிலே இழுத்தால் மட்டும் காமனோடு சேரும் முனை) மாட்டுங்கள். முதலாவது 12 வோல்ட் கொடுத்ததும் ரிலே இழுக்கும், இரண்டாவது ஓடும். ரிலே இழுக்க ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட்; மதர்போர்டோ, மின்சாரம் சீராகிவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் சொல்லும் பவர் குட் சிக்னலுக்காக 100 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் காத்திருக்கும். அதனால் ரிலேயின் தாமதம் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டின் மஞ்சள் வயர்களை மட்டும் ஒருபோதும் ஒன்றாக இணைக்காதீர்கள்.

இனி ரிலே சமாச்சாரம். எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருக்கிறார். வெளியூர் மெக்கானிக் ஒருவர் அவருக்கு ஹாரனுக்குப் போடும் 30 ஆம்பியர் வண்டி ரிலேயை வைத்து இதே வேலையைச் செய்து கொடுத்திருந்தார். நன்றாகத்தான் ஓடியது. கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் உப்புக் காற்று) ஒரு சீசன் அடித்து ஓய்ந்த பிறகு ஒருநாள் எடுக்கும், ஒருநாள் எடுக்காது. "தம்பி, நாளைக்கு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க, ஏதாச்சும் பண்ணு" என்றார். அதற்குள் ஆளாளுக்கு வந்து எஸ்எம்பிஎஸ் போச்சு, கார்டு போச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆன் செய்தேன். ரிலே 'டக்' என்றது. இரண்டாவதின் ஃபேன் அசையவில்லை. ரிலே இழுத்திருக்கும்போதே பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் எஸ்எம்பிஎஸ் அதை ஆன் என்று எடுத்துக்கொள்ளும். மூடியை நெம்பிப் பார்த்தேன்: வெள்ளி முனை இரண்டும் கறுத்து, விளிம்பில் பச்சை பூத்திருந்தது.

பச்சை வயரில் ஓடுவது 2 மில்லிஆம்பியருக்கும் குறைவு. ஹாரன் கரண்ட் என்றால் முனையில் படிகிற அழுக்கை அதுவே எரித்துத் தள்ளிவிடும். இந்தத் துளிக் கரண்டுக்கு அந்தப் படலமே சுவர். உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் சில நாள் ஓடும், பிறகு பழைய கதைதான். தங்கப் பூச்சு முனையுள்ள, முழுக்க சீல் செய்த 12 வோல்ட் சிக்னல் ரிலே வாங்குங்கள். எட்டுக் கால் இருக்கும். உள்ளே இரண்டு ஜோடி முனை, இரண்டையும் இணையாகப் போடுங்கள். பற்றவைத்த இடங்களில் பிசிபி வார்னிஷ் தடவுங்கள். காக்காவுக்கு அப்படித்தான் மாற்றினேன், அடுத்த கச்சானையும் தாண்டி ஓடுகிறது.

"ரிலே எதுக்கு, ரெண்டு பச்சையையும் சேர்த்துக் கட்டினா போதுமே" என்பீர்கள். ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஷார்ட் ஆகி முதலாவது டிரிப் ஆனாலும் இரண்டாவது தன் பாட்டுக்கு கார்டுக்கு 12 வோல்ட்டை ஊட்டிக்கொண்டிருக்கும். ரிலே இருந்தால் முதலாவதோடு இரண்டாவதும் சேர்ந்தே அணையும்.

அந்த சிக்னல் ரிலே இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஆன்லைனில் பார்த்தால் 623 என்று பின்கோடு தொடங்கியதுமே "உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை" என்று வருகிறது. அனுப்புகிற ஒன்றிரண்டு பேரும் பொருளின் விலையைவிடக் கூரியருக்குக் கூடக் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாடுகளில் சம்பாதிக்கிற ஊர் இது. வீடியோ கால் பேசாத வீடு கிடையாது, ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு மட்டும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டுமா? அங்கே யாராவது போனால் சொல்லிவிட்டு, நாலைந்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.