பவர் குளோவ் கையுறையைக் கணினியுடன் இணைக்க, அதன் பழைய சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட வேண்டுமா?

நின்டெண்டோ வீடியோ கேம் கருவியைக் கையசைவால் இயக்க 1989-இல் வெளிவந்த பவர் குளோவ் ஒன்று தங்களிடம் இருப்பதாகவும், அதைக் கணினிக்கான அசைவுக் கருவியாக மாற்றப் பழைய போர்டை எடுத்துவிட்டு ஆர்டுயினோ என்னும், நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டை வைப்பது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்டைக் கழற்றலாம், ஆனால் அதை வெட்டவோ எறியவோ வேண்டாம். விரல்களில் ஓடும் உணரிகளை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்பதே இந்த வேலையைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் பதில்.

அமெரிக்காவில் மட்டேல் விற்ற இந்தக் கையுறைக்கு முன்னோடி, ஜாரன் லேனியரும் தாமஸ் சிம்மர்மனும் பணியாற்றிய விபிஎல் நிறுவனத்தின் டேட்டா குளோவ். அதில் விரல் மடங்குவதை ஒளியிழைகள் அளந்தன. அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். அதையே சுமார் 75 டாலருக்குள் அடக்க, ஒளியிழைக்குப் பதிலாக மின்கடத்தும் மை பூசிய பிளாஸ்டிக் நாடாக்களைக் கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை நான்கு விரல்களில் வைத்தார்கள். சுண்டுவிரலுக்கு நாடா இல்லை. நாடா மடங்கும்போது அதன் மின்தடை ஏறுகிறது. கையுறையின் உண்மையான மதிப்பு இந்த எளிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

பழைய போர்டு இந்த நாடாக்களுக்குப் பெரும் அநீதி செய்கிறது. ஒரு விரலுக்கு 2 பிட் வீதம் நான்கு விரல்களையும் ஒரே பைட்டில் அடைத்து அனுப்புவதால், ஒரு விரல் முழுதாக நீண்டதிலிருந்து முழுதாக மடங்குவது வரை நான்கே நிலைகள்தான் வெளியே தெரிகின்றன. அதே நாடாவை ஒரு நிலையான மின்தடையோடு தொடராக இணைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்னழுத்தத்தை ஆர்டுயினோவின் 10 பிட் அனலாக் பின்னில், அதாவது மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும் பின்னில் படித்தால் நிலைமையே வேறு. மல்டிமீட்டரில் நாடா நேராக இருக்கும்போது 50 கிலோ ஓம், மடங்கும்போது 200 கிலோ ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்விரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் 100 கிலோ ஓம், அந்த மதிப்புள்ள மின்தடையைப் போட்டால்தான் மின்னழுத்த வீச்சு அதிகபட்சமாகக் கிடைக்கும். அப்போது அளவீடு ஏறத்தாழ 341-க்கும் 682-க்கும் இடையில் நகரும், அதாவது நான்கு நிலைகளுக்குப் பதில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நிலைகள். இவ்வளவு உயர்ந்த மின்தடையில் அனலாக் பின் தடுமாறும் என்பதால், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பது அவசியம். சால்டரிங் சூடு நாடாவின் மீது படவே கூடாது. மை பூச்சு ஒருமுறை கருகினால் அதைச் சரிசெய்ய வழியில்லை. நாடாவிலிருந்து வரும் கம்பிகளின் மறுமுனையில் மட்டும் பற்றவையுங்கள்.

கையின் அசைவைப் பொறுத்தவரை பதில் இவ்வளவு எளிதல்ல. கையுறையின் மேலுள்ள இரண்டு மீயொலி ஒலிபரப்பிகள் எழுப்பும் ஒலியைத் தொலைக்காட்சியின் மேல் பொருத்திய சட்டத்திலுள்ள மூன்று வாங்கிகள் கேட்கின்றன. ஒலி வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கை எங்கே இருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. இன்று பலரும் இதை நீக்கிவிட்டு எம்பியு-6050 என்னும் சிறு அசைவுணரியை வைக்கிறார்கள். கை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது மிக நன்றாகச் சொல்லும், ஆனால் கை இருக்கும் இடத்தைச் சொல்லாது. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றால், நொடி வர்க்கத்துக்கு 0.1 மீட்டர் என்ற சிறு பிழைகூடப் பத்தே நொடிகளில் 5 மீட்டர் விலகலாக வளர்ந்துவிடும். திசையறியும் காந்தமானி அதில் இல்லாததால் இடவலத் திருப்பமும் மெல்ல மெல்ல நழுவும். அதற்கு மட்டும் பிஎன்ஓ055 போன்ற, காந்தமானியும் சேர்ந்த உணரி உதவும்.

ஆகவே எதற்காகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப்-மோஷன் கலைஞர் டில்லன் மார்க்கி, படப்பிடிப்பு மென்பொருளான டிராகன்ஃபிரேமைப் பொம்மைக்கு அருகில் நின்றபடியே இயக்குவதற்காகத் தம் பவர் குளோவில் புளூடூத் வைத்தார். அவருக்கு வேண்டியவை பொத்தான்களே, இட அளவீடு அல்ல. அப்படிப்பட்ட பயன் என்றால் பழைய போர்டைத் தயங்காமல் கழற்றிவிடலாம்.

திரையில் ஒரு பொருளைக் கையால் நகர்த்த விரும்பினால் போர்டு இருக்கட்டும். நின்டெண்டோ இணைப்பியில், அப்போதைய நிலையைப் பிடித்துவைக்கச் சொல்லும் லாட்ச் துடிப்பு ஒன்றை அனுப்பி, பிறகு அடுத்த பிட்டைக் கேட்கும் கிளாக் துடிப்புக்கு ஒன்றாகப் பிட்டுகளைப் படிக்கலாம். இயல்பு நிலையில் கையுறை சாதாரண விளையாட்டுக் கட்டுப்பாட்டியாகவே நடிக்கும். அதற்குரிய பைட் வரிசையை அனுப்பினால்தான் மூன்று அச்சு இட அளவும் மணிக்கட்டுச் சுழற்சியும் வெளிவரும். 1990-களில் கணினியில் அச்சுப்பொறியை இணைக்கும் பேரலல் போர்ட்டில் இதைச் செருகி, ரெண்ட்386 போன்ற மெய்நிகர் உலக மென்பொருள்களில் ஆர்வலர்கள் பயன்படுத்தியது இந்த வழியில்தான். ஆனால் ஒலிவாங்கிகள் உள்ள அந்தத் தொலைக்காட்சிச் சட்டம் இல்லாமல் கையுறை மட்டும் தங்களிடம் இருந்தால் இந்த வழி அடைபட்டதுதான்.

புதிய போர்டாக, ஏடிமெகா32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ வகைப் போர்டான புரோ மைக்ரோவையே பரிந்துரைப்பேன். அது யூஎஸ்பி வழியாக ஜாய்ஸ்டிக்காகவே கணினிக்குத் தெரியும். ஏ0 முதல் ஏ3 வரையுள்ள நான்கு அனலாக் பின்களும் நான்கு விரல்களுக்குச் சரியாகப் போதும். அசைவுணரிக்கு 2, 3 ஆகிய பின்கள் மீதமிருக்கும். ஒவ்வொரு முறை அணியும்போதும் கை நீட்டி, பின் முஷ்டி பிடித்து, அந்த இரு எல்லைகளையும் நிரல் புதிதாகப் பதிவு செய்யுமாறு எழுதுங்கள், ஏனெனில் கையுறை உட்காரும் விதம் சற்று மாறினாலும் அளவீடுகள் மாறிவிடுகின்றன.