கிண்ணத்தின் விளிம்பில் நான்கு புறாக்கள்

கேள்வி: தோட்டத் துரை வீட்டில் வேலை பார்த்த என் பாட்டிக்குப் பரிசாகக் கிடைத்த ப்ரூச்சில் (உடையில் குத்திக்கொள்ளும் நகை), கிண்ண விளிம்பில் நான்கு புறாக்கள் அமர்ந்துள்ளன. இது ஓவியமா? எப்படித் துடைப்பது?
– வாசகி, குன்னூர்

பதில்: உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், தூரிகைத் தடம் இல்லாமல் நுண்ணிய துணுக்குகள் தெரிந்தால், அது ஓவியமன்று, நுண்மொசைக். உருக்கிய வண்ணக் கண்ணாடியை இழையாக இழுத்து, நறுக்கி, ஒவ்வொன்றாகச் சாந்தில் பதிக்கும் இக்கலை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமில் செழித்தது. பழைமையைக் காண அங்கு வந்த ஐரோப்பியச் செல்வந்தர்கள் பயண நினைவாக இவற்றை வாங்கிச் சென்றனர். புறாக் காட்சியின் மூலப் படைப்பு, ரோமுக்கு அருகே திவோலியில், ரோமானியப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகையில் 1737-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய ரோமானிய மொசைக். எத்தனை நகைகளில் அது மறுபிறவி எடுத்திருக்கிறது! தண்ணீரில் நனைக்கவே கூடாது, சாந்து இளகிவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். குன்னூர் மழைக்கால ஈரத்தில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வையுங்கள். உதிர்ந்த துணுக்கையும் பத்திரப்படுத்துங்கள்.