கூட இருப்பவர்களைக் கவனிக்க நேரம் ஒதுக்குவது எப்படி?

ஓட்டமும் நடையுமாகப் போகும் வாழ்க்கையில் சுற்றி இருப்பவர்களுக்கு எப்படி நேரம் ஒதுக்குவது என்பது கேள்வி. ஒதுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறு வரை அக்கறை காட்டுவது என்று நீங்கள் அட்டவணை போட்டு வைத்திருப்பீர்கள், அவர்களோ புதன்கிழமை காலையில், நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் முகம் வாடி நிற்பார்கள்.

இதைப் பலரும் குணம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறார்கள். நல்ல மனசு இருந்தால் தானாகக் கண்ணில் படும் என்று. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். வழியில் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இருமி முனகியபடி சரிந்து கிடப்பார் (அவர் நடிக்கிறார் என்பது மாணவர்களுக்குத் தெரியாது). நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். ஏற்கெனவே தாமதம், உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேர் பேசப் போனதே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையைப் பற்றி! அந்தக் கதையை மனதில் ஓட்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை, அவசரமாகப் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்தபோது பதற்றமாகத்தான் இருந்தார்களாம்.

அதனால் "இனிமேல் அன்பாக இருப்பேன்" என்ற சபதத்தைவிட, பத்து நிமிடம் முன்னால் கிளம்புவது அதிகம் பலன் தரும் என்பது என் எண்ணம். இரண்டு வேலைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளியில் போனை எடுக்காதீர்கள், அவ்வளவுதான். (இரண்டு வேலை பார்த்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துச் சுமப்பவர்களிடம் போய் "நிதானமாக வாழுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.)

அம்மாவுக்குக் கண் மங்குவதை அவராகச் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் வேலை எதுவும் இல்லாமல் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாத்திரை அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், திருப்பினார், கடைசியில் கட்டைவிரலால் மாத்திரையைத் தடவி, பெரியது என்றால் காலைக்கு, சின்னது என்றால் ராத்திரிக்கு என்று பிரித்து வைத்தார். என்னம்மா என்றால், "வெளிச்சம் பத்தலப்பா, வேற ஒண்ணும் இல்ல." மருத்துவரிடம் போனால் இரண்டு கண்ணிலும் புரை. தினமும் நான் போன் பேசிக்கொண்டே "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேன், அவரும் போட்டாச்சு என்பார், நான் கேட்டதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மைதான்.

இந்த "ஒண்ணும் இல்ல" இருக்கிறதே, அதை முதல் தடவை நம்ப வேண்டாம். அதற்காகத் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது, அக்கறை என்ற பெயரில் வம்புக்கு அலைகிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். "சரி, சொல்லணும்னு தோணினா சொல்லு" என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே விஷயத்தை மறக்காமல் ஒரு வரி கேட்டுப் பாருங்கள். முதல் நாள் மழுப்பியவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வாய் திறப்பார்கள். கவனிப்பதற்குத்தான் அட்டவணை உதவாது, திரும்ப விசாரிப்பதற்கு நன்றாகவே உதவும். மறந்துவிடக் கூடாது என்று நான் போனில் அலாரமே வைத்துக்கொள்கிறேன். அலாரம் வைத்து விசாரிப்பதெல்லாம் ஒரு பாசமா என்று நண்பர் ஒருவர் கிண்டலடித்தார். விசாரிக்கப்பட்டவர்கள் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.