பனிக்கரடிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன கணக்கு?

போன இதழில் வட துருவக் கடலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வசனம் எழுதியிருந்தேன்: பனிக்கரடியின் கொழுப்பில் பூச்சிகொல்லி கிடக்கிறது என்று. அந்த ஒரு வசனத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த முறை வெள்ளாமைப் பூச்சியும் பாம்புக்கடியும் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

சேர், அங்கே வயலும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பிறகு எப்படிப் பூச்சிகொல்லி போனது?
*உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி*

மகள், முதலில் உங்கள் அம்மம்மாவிடம் 'மலேரியாக்காரர்' பற்றிக் கேளுங்கள். கையில் பம்போடு வருவார்கள். சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். உள்சுவர் முழுக்க டி.டி.ரி. அடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக் களிமண் சுவரில் அந்த வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் இருக்கும். துடைக்கப் போனால் அம்மா விடமாட்டா. அந்த மருந்தை நான் திட்ட மாட்டேன். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். அதற்கு முந்திய தலைமுறை எத்தனை பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் பெறுமதி தெரியும். பிறகு நுளம்பு அந்த மருந்துக்குப் பழகியதும், மலேரியா திரும்பி வந்ததும், 2016இல் நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததும் தனிக்கதை.

சுவரில் அடித்தது எங்கே போனது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. அது இலேசில் சிதையாது. ஆனால் எங்கள் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். காற்றோடு போய்க் குளிர்ந்த இடத்தில் படியும். அங்கே வெயில் வந்தால் மறுபடி கிளம்பும். இப்படி எழும்பி எழும்பி விழுந்து வடக்கே போனால், கடைசியில் எழும்ப முடியாத குளிர் வந்துவிடும். கொதிக்கிற சோற்றுப்பானையின் ஆவி மூடியில் பிடிக்கிறதே, பூமிக்கு அந்த மூடி துருவம். எங்கள் சுவர் மருந்து மட்டும்தான் அங்கே போனது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பா, ரஷ்யா, வட அமெரிக்கா எல்லாம் துருவத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெரிய பங்கு அவர்களுடையது. மின்மாற்றி எண்ணெயில் கலந்த பி.சி.பி. என்ற இரசாயனத்தை 1929இலிருந்து அரை நூற்றாண்டு தயாரித்தார்கள். அதுவும் இதே வழியால்தான் போனது.

அடுத்தது கொழுப்பு. இந்த நஞ்சுகள் தண்ணீரில் கரைய விரும்பாதவை, கொழுப்பைக் கண்டால் விடாதவை. துருவக் கடலில் எந்த உயிருக்கும் கொழுப்பில்லாமல் வாழ்க்கையில்லை. கடுகளவு கூனி வகைகள் பாசியைத் தின்கின்றன. அவற்றைத் துருவக் கொட் மீன் தின்கிறது, மீனை வளையச் சீல் என்ற கடல்நாய் தின்கிறது, சீலைக் கரடி தின்கிறது. அதிலும் கரடி வசதியாக இருக்கும் நாளில் சீலின் கொழுப்பைத் தின்றுவிட்டு இறைச்சியை நரிக்கு விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு படியிலும் உணவு எரிந்து முடிகிறது, நஞ்சு மட்டும் மிஞ்சுகிறது. கடல் நீரில் அளக்கவே சிரமப்படுகிற ஒன்று கரடியில் கோடிக்கணக்கான மடங்காகச் சேர்வது இப்படித்தான்.

தடை செய்து எவ்வளவோ காலமாகிவிட்டதே. இன்னும் ஏன் பேச வேண்டும்? வெப்பம் கூடினால் நஞ்சு சிதைந்து போகாதா?
*வாசகர், ஏறாவூர்*

நல்ல கேள்வி. பழைய நஞ்சுகள் பல அங்கே குறைந்துகொண்டுதான் வருகின்றன. இப்படிச் சிதையாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்த நாடுகள் 2001இல் கையெழுத்திட்ட ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைக்கு அதில் பங்குண்டு. ஆனால் வெப்பம் எங்களுக்கு உதவி செய்கிறது என்று நினைக்க வேண்டாம். 1979க்குப் பிறகு துருவம் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. 2012 செப்டெம்பரில் கடற்பனி 34 இலட்சம் சதுர கிலோமீற்றர் வரை சுருங்கியது. எண்பதுகளில் அதே மாதத்தில் இருந்ததில் பாதி. பனி விலக விலக, அதிலும் அதன் கீழே தண்ணீரிலும் பத்திரமாகக் கிடந்த பழைய நஞ்சு மறுபடி காற்றுக்கு வருகிறது. துருவத்துக் காற்றை அளக்கும் நிலையங்கள் அதைப் பதிந்திருக்கின்றன.

கரடியின் உடம்புக்குள் நடப்பதும் அப்படித்தான். பனி இருந்தால்தான் அது சீல் பிடிக்கும். பனி உருகினால் கரைக்கு வந்து பட்டினி கிடக்கும். கனடாவின் மேற்கு ஹட்சன் குடாவில் பனியில்லாத காலம் எண்பதுகளை விட மூன்று கிழமையளவு நீண்டுவிட்டது. அங்கே 2016இல் 842 என மதிப்பிட்ட கரடிகள் 2021இல் 618. பட்டினி கிடக்கும் கரடி தன் கொழுப்பை எரிக்கிறது; அதில் பூட்டிக் கிடந்த நஞ்சு இரத்தத்துக்கு வருகிறது. தாயென்றால் பாலுக்கும் வருகிறது. சாப்பாடு இல்லாத நேரம் பார்த்து நஞ்சும் கூடுகிறது என்பதைத்தான் நான் இந்த விஷயத்தில் மிக மோசமானதாக நினைக்கிறேன். பனிக்கட்டியில் தனியே நிற்கும் கரடியின் படத்தை வைத்து நாலு சொட்டுக் கண்ணீர் விடுகிற சுவரொட்டிகளில் இது வருவதில்லை.

கிழக்குக் கிரீன்லாந்துக் கரடிகள் வளையச் சீல் குறைந்ததால் தெற்கிலிருந்து வரும் வேறு சீல்களைத் தின்னப் பழகியிருக்கின்றன. அந்தச் சீல்களில் நஞ்சு கூட. பனி விலகிய ஹட்சன் குடாவுக்குள் இப்போது ஓர்கா திமிங்கிலங்களும் வருகின்றன. உலகத்திலேயே பி.சி.பி. அதிகமாகச் சுமக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று. உலகின் ஓர்காக் கூட்டங்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் இரசாயனத்தாலேயே அழியக்கூடும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தயாரிப்பை நிறுத்தி நாற்பது வருடத்துக்குப் பிறகு வந்த கணக்கு இது, தம்பி.

கரடி செத்தால் எங்களுக்கென்ன? நாங்களே வெயிலில் வேகிறோம்.
*வியாபாரி ஒருவர், காத்தான்குடி*

உங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடை பூட்டிய பிறகு பின்பக்கம் ஷொப்பிங் பையும் ரெஜிபோமும் சேர்த்துக் கொளுத்துகிறீர்களா? குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் டயொக்சின் வரும். ஸ்டொக்ஹோம் பட்டியலில் முதல் பன்னிரண்டில் அதுவும் உண்டு. அதன் முதல் பங்கு கரடிக்கு இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். பால் ஊற வேண்டும் என்று மாமி சுறா வறை செய்து தருகிறா. சுறாவில் பாதரசம் என்கிறார்கள். சாப்பிடலாமா?
*ஆரையம்பதி*

இந்தக் கேள்விக்கும் துருவத்துக்கும் நேரடிச் சொந்தம் இருக்கிறது தங்கச்சி, கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் எரிக் டெவாய் என்ற கனடிய மருத்துவர் கியூபெக்கின் தெற்கிலுள்ள தாய்மாரின் பாலில் நஞ்சை அளந்தார். ஒப்பிடுவதற்குச் சுத்தமான பால் வேண்டுமே என்று, தொழிற்சாலையே இல்லாத வடக்கிலிருந்து, அங்குள்ள பழங்குடி மக்களான இனுயிட் தாய்மாரின் பாலை எடுத்தார். அதில் பி.சி.பி. தெற்கை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு. சீலும் திமிங்கிலக் கொழுப்பும் அந்த மக்களின் பரம்பரைச் சாப்பாடு. தின்பது அவர்களுடையது, நஞ்சு வேறு யாருடையதோ. ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைக்காக 1999இல் நைரோபியில் நடந்த பேச்சுவார்த்தையில் இனுயிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே தாயும் பிள்ளையுமான ஒரு சிற்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேச்சு முடியும் வரை அது தலைவரின் மேசையில் இருந்ததாம். துருவ மக்களும் அவர்களின் உணவும் ஆபத்தில் இருப்பது உடன்படிக்கையின் முன்னுரையிலேயே எழுதப்பட்டது.

இனிப் பாதரசம். நிலக்கரியில் அது இயற்கையாகவே இருக்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரித்தாலும் சீனாவில் எரித்தாலும் புகையோடு போய் உலகைச் சுற்றும். தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்களிலிருந்தும் நிறைய வருகிறது. கடலில் நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது கொழுப்பில் சேராது, தசையில் சேரும். ஆகவே கழுவினாலும் அவித்தாலும் வறுத்தாலும் போகாது. வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோ தீவுகளில் 1986-87இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்ப காலத்தில் தாய் தின்ற பைலட் திமிங்கில இறைச்சியின் பாதரசம், ஏழு வயதில் பிள்ளையின் கவனத்திலும் ஞாபகத்திலும் மொழியிலும் தெரிந்தது. நூற்றாண்டுகளாகத் தின்ற இறைச்சியை இனித் தின்ன வேண்டாம் என்று 2008இல் அந்தத் தீவுகளின் தலைமை மருத்துவரே சொல்லவேண்டி வந்தது.

சுறாவும் நீண்ட காலம் வாழ்ந்து மற்ற மீனைத் தின்னும் சாதி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் சுறா, வாள்மீன் இரண்டையும் தவிர்க்கச் சொல்வது பல நாடுகளின் சுகாதார அறிவுரை. ஆனால் மீனை விட்டுவிடாதீர்கள், தாய்ப்பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இனுயிட் தாய்மாருக்கும் மருத்துவர்கள் பால் கொடுக்கத்தான் சொன்னார்கள். கீரி, நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன்கள் சில மாதமோ ஓரிரு வருடமோதான் வாழ்கின்றன. பாதரசம் சேர அவற்றுக்கு நேரமில்லை. இதுவரை சாப்பிட்ட வறையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். மாமியோடு சண்டைக்குப் போகாமல், வறை வேண்டுமென்றால் நெத்தலியும் முருங்கையிலையும் போட்டுச் செய்து தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை. கிளினிக்கில் வரும் குடும்பநல மாதுவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாரியில் எங்கள் களப்புக்கு வரும் சின்ன உள்ளான்கள் துருவத்திலிருந்தா வருகின்றன? நஞ்சையும் கொண்டுவருமா?
*பொத்துவில்*

ஓம், பல வகைகள் அங்கிருந்துதான். அலகு நுனியில் வளைந்த உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடுவது சைபீரியாவின் வடக்கு ஓரத்தில், தைமிர் குடாநாடு மாதிரியான இடங்களில். மன்னாரில் ஜி.பி.எஸ். பூட்டிவிட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பறவை கொண்டுவரும் நஞ்சு உங்களைத் தொடும் அளவுக்கு இல்லை. பறவைகளுக்குத்தான் கஷ்டம். கனடாவின் ஐவரி கடற்காகத்தின் பழைய இறகுகளை நூதனசாலைகளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது 1877இலிருந்து 2007க்குள் மெதைல் பாதரசம் 45 மடங்காகியிருந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்த, பிடித்த என்று சொல்லக்கூடாது, ஓர் ஆய்வு நொட் என்ற கரைப்பறவை பற்றியது. தைமிரில் பனி முந்தி உருகுவதால் பூச்சிகள் முந்திப் பெருகி முடிந்துவிடுகின்றன. குஞ்சு பொரிக்கும்போது தீனி குறைவு. குஞ்சு சிறிதாக வளர்கிறது, அலகும் கட்டையாகிறது. அது ஆபிரிக்காவின் மொரித்தானியாவுக்கு வந்து சேற்றில் குத்தினால், ஆழத்திலுள்ள மட்டிக்கு அலகு எட்டாது. துருவம் சூடானதற்கு வெப்பநாட்டுக் கரையில் வந்து சாகிறது. எங்கள் வளைந்த அலகு உள்ளானையும் 2024இல் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். அறுகம் களப்பு, கோமாரிப் பக்கம் போகும்போது எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதியும் இடமும் முக்கியம்.

மட்டக்களப்பில் மீன் பாடுகிறது. துருவக் கடலிலும் ஏதாவது பாடுமா?
*பத்தாம் வகுப்பு மாணவன், கல்லடி*

நன்றாகவே பாடும், மனே. போஹெட் திமிங்கிலம் இருட்டு மாரிகாலம் முழுவதும் பனிக்கு அடியில் பாடுகிறது. ஸ்வால்பார்ட் பக்கம் 2010க்கும் 2014க்கும் இடையில் 184 வேறு வேறு பாட்டுகளைப் பதிந்தார்கள். இருநூறு வயது வரை வாழும் பிராணி அது. 2007இல் அலாஸ்காவில் பிடித்த ஒன்றின் உடலில் நூறு வருடத்துக்கு மேல் பழைய ஈட்டித் துண்டு கிடைத்தது. பெலுகா திமிங்கிலமும் ஓயாமல் சத்தம் போடும். இப்போது பனி குறைந்ததால் கப்பல்கள் கூட. பனி உடைக்கும் கப்பலின் சத்தத்துக்குப் பெலுகாக்கள் பல கிலோமீற்றருக்கு அப்பாலேயே விலகி ஓடுகின்றன. எங்கள் மீனைக் கேட்க வேண்டுமென்றால் பூரணை இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வை. பாலத்துக்குக் கீழே என்றால் வாகனச் சத்தம் குறைந்த பிறகு போ, வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

அடுத்த இதழில் பாம்புக்கடி. வாகரை, வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் கையில் இருக்கின்றன. மற்றவர்கள் இருபதாம் திகதிக்கு முன் அனுப்பிவையுங்கள்.