உப்புநீர்த் தொட்டியில் ரசாயனம் கலந்துவிட்டால்: கேள்வி பதில்

கடல் மீன் வளர்க்கும் தொட்டிகளைப் பற்றிய கேள்விகள் இவை. அவற்றுக்குப் போகும்முன் ஒன்று. கீழே வரும் அளவுகள் உண்மையில் இருக்கும் தண்ணீருக்கானவை. 200 லிட்டர் தொட்டி என்றால் கல், மணல் போக 160–170 லிட்டர்தான் தேறும். சம்ப் (வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டி) இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, அவசரம். வீடு துடைக்கிற பக்கெட்ல உப்புத்தண்ணி கலக்கி 20 லிட்டர் ஊத்திட்டாங்க. ஃபினைல் வாசனை அடிக்குது. க்ளோன் மீன் ரெண்டும் மேல வந்து வாயைத் திறக்குது, ஸ்கிம்மர் பொங்கி வழியுது. 200 லிட்டர் டேங்க். முதல்ல என்ன பண்ணணும்?

பதில்: முதலில் காற்று. ஏர் பம்ப் போடுங்கள். பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) மேற்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி திருப்புங்கள். ஃபினைலும் அதிலுள்ள சோப்பும் செவுளைத்தான் அரிக்கும், அதனால்தான் மீன் மேலே வருகிறது.

ஸ்கிம்மர் (காற்றுக் குமிழால் நுரை எழுப்பி அழுக்கை எடுக்கும் கருவி) வழிகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். கப்பிலிருந்து ட்யூப் போட்டு வாளியில் வடிய விடுங்கள். நுரையோடு நமக்கு வேண்டாததும் வெளியேறுகிறது. ஆனால் அப்படிப் போவது உப்புநீர். ஈடுகட்ட ஊற்றுவதும் உப்புநீராகவே இருக்க வேண்டும். ஆட்டோ டாப்-அப் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீரை ஊற்றி உப்பைக் குறைத்துக்கொண்டே போகும்.

அடுத்து தண்ணீர் மாற்றம், அதுவும் பெரிதாக. பாதிப் பாதியாக மூன்று முறை மாற்றினால் 12.5 சதவீத ரசாயனம்தான் மிஞ்சும். அதே மொத்தத் தண்ணீரை 10 சதவீதம் வீதம் 15 முறை மாற்றினால் 20 சதவீதம் மிஞ்சும். உப்பும் உழைப்பும் வீண். இன்றே ஒரு 50 சதவீதம், நாளை ஒன்று, நாளை மறுநாள் ஒன்று. 100 லிட்டருக்கு உப்புக்கலவை 3.6 கிலோ அளவில் பிடிக்கும், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. வழக்கமாக ஒரு நாள் சுழலவிட்டு ஊற்றுவோம். இன்று அதற்கு நேரமில்லை, தண்ணீர் தெளிந்து உப்பளவு நிலைத்தால் போதும்.

கூடவே ஆக்டிவேட்டட் கார்பன். சாதாரண நாளில் லிட்டருக்கு அரை கிராம் போதும். இப்போது 1 முதல் 2 கிராம். உங்கள் தொட்டிக்கு 200–300 கிராம். கருந்தூள் போகும்வரை ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, வலைப்பையில் கட்டி, தண்ணீர் அதன் ஊடாகப் பாயும் இடத்தில் வையுங்கள். மூலையில் தொங்கவிட்டால் பாதிகூட வேலை செய்யாது. 24 மணி நேரத்தில் எறிந்துவிட்டுப் புதிது. மூன்று நாளைக்கு இப்படியே.

இரண்டு நாள் தீனி வேண்டாம். கடைக்காரர் கொடுக்கும் எந்த பாட்டிலும் வேண்டாம். ரசாயனத்துக்கு மருந்தாக இன்னொரு ரசாயனம் ஊற்றித்தான் பாதித் தொட்டிகள் போகின்றன. அந்த பக்கெட்டை எவ்வளவு கழுவினாலும் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். பிளாஸ்டிக் ஃபினைலைக் குடித்து வைத்திருக்கும்.

கேள்வி (மதுரை): என்ன கலந்ததுன்னே தெரியல சார். சாயங்காலம் வந்து பார்த்தா பாதி போயிருச்சு. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: தண்ணீர் மாற்றும் முன் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாற்றியபின் ஆதாரம் போய்விடும்.

பிறகு எது செத்தது, எது பிழைத்தது என்று பாருங்கள். இறாலும் ஹெர்மிட் நண்டும் துடித்துச் சாய்ந்து கிடக்க, நத்தை மட்டும் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தால் பூச்சிமருந்து என்று சந்தேகப்படலாம். கொசு, கரப்பான் மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகைகள் கணுக்காலிகளின் நரம்பைத் தாக்குபவை; மீனையும் கொல்லும், நத்தையை அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. நத்தையும் இறாலும் சேர்ந்து போய், மீன் மட்டும் தின்றுகொண்டு திரிந்தால் செம்பு. மீன் முதலில் திணறினால் குளோரின், அம்மோனியா அல்லது ஆக்சிஜன் குறைவு. ஸ்கிம்மர் திடீரென்று பொங்கினால் சோப்பு வகை. நுரையே இல்லாமல் அடங்கிப் போனால் எண்ணெய். மணலைக் கிளறிய அன்று அழுகின முட்டை நாற்றத்தோடு எல்லாம் செத்திருந்தால் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ஆழத்தில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடுதான்.

இதையெல்லாம் பார்க்கும்முன் அம்மோனியா, பி.எச்., உப்பளவு மூன்றையும் சோதித்துவிடுங்கள். விஷம் என்று வரும் புகார்களில் நிறைய, கல்லுக்குப் பின்னால் செத்து அழுகிய ஒரு மீனில் போய் முடியும். பி.எச். 8.2 உள்ள உப்புநீரில் மொத்த அம்மோனியாவில் ஏழெட்டு சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் அலட்சியம் செய்யும் அளவே இங்கே ஆளைத் தூக்கிவிடும்.

கேள்வி (கோவை): வெள்ளைப்புள்ளி நோய்க்கு மெயின் டேங்கிலேயே காப்பர் மருந்து போட்டேன். மீன் பிழைச்சிடுச்சு. நாலு மாசம் ஆச்சு, டெஸ்ட் கிட்டில் ஜீரோ காட்டுது. ஆனா நத்தை விட்டா ரெண்டே நாள். ஏன்?

பதில்: இரண்டு காரணம். உங்கள் கிட்டின் அளவுகோலைப் பாருங்கள். சொட்டு டெஸ்ட்களில் பூஜ்யத்துக்கு அடுத்த கோடு பெரும்பாலும் 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்). சாதாரண அயனிச் செம்பு மருந்தின் முழு அளவே 0.15 முதல் 0.20 தான். நத்தைக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். ஆக அந்த ஜீரோவுக்கு அர்த்தமில்லை. இந்த அளவைப் பிடிக்க ஐ.சி.பி. என்னும் ஆய்வகச் சோதனைக்கு மாதிரி அனுப்புவதுதான் வழி.

இரண்டாவது, செம்பு இப்போது தண்ணீரில் இல்லை. கல்லிலும் மணலிலும் இருக்கிறது. லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியேறிய தொட்டிக் கல்) பவழ மணலும் கால்சியம் கார்பனேட், செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து போட்டபோது அளவு இறங்கிக்கொண்டே வந்து, நீங்கள் மீண்டும் மீண்டும் ஊற்றியிருப்பீர்கள்; அது போன இடம் இதுதான். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. நூறு சதவீதம் தண்ணீர் மாற்றினாலும் அடுத்த வாரம் பழைய கதைதான்.

மணலை மொத்தமாக எறிந்துவிடுங்கள், பஞ்சு, செராமிக் வளையம் எல்லாவற்றோடும். மணல் மலிவு, யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணாடியையும் குழாய்களையும் வெள்ளை வினிகரால் துடைத்து அலசினால் போதும். செம்பை இழுக்கத் தனி ரெசின் உண்டு, க்யூப்ரிசார்ப் போன்றவை. வலைப்பையில் போட்டு ஓட்டத்தில் வையுங்கள், அளவு லேபிளில் இருக்கும். செம்பு ஏற ஏற நீலப்பச்சையாகும். பாலிஃபில்டர் என்னும் வடிகட்டி அட்டையும் செம்புக்கு நீலம் காட்டும். கார்பன் கொஞ்சம்தான் பிடிக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

கல்லை வைத்துக்கொள்வதா என்பதை இப்படி முடிவு செய்யுங்கள். ஒரு துண்டை 20 லிட்டர் புது உப்புநீரில், சிறு பம்ப்போடும் புதிய ரெசினோடும் இரண்டு வாரம் போடுங்கள். ரெசின் நிறம் மாறினால் அந்தக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆசிட் கழுவல் மேல்தோலை எடுக்கும், உள்ளே ஊறியதைத் தொடாது. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டி என்றால் அதே கல் தாராளமாக இருக்கட்டும்.

குளோரின் நீக்கி திரவங்களைச் செம்பு இருக்கும் தண்ணீரில் ஊற்றாதீர்கள். சில வகை செம்பு மருந்துகளோடு சேர்ந்தால் நச்சு கூடும்.

கேள்வி (திருச்சி): மருந்தே போடலை, ஆர்.ஓ. தண்ணிதான் விடறேன். ஐ.சி.பி.யில் செம்பு வந்திருக்கு. எங்கிருந்து?

பதில்: சமையலறை ஆர்.ஓ.தானே? உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இப்போது பல மாடல்களில் வருகிறது. மினரல் கார்ட்ரிட்ஜும், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கண்ட்ரோலரும் கூடவே இருக்கும். மெம்பரேனை விட்டு வெளிவரும் குழாயிலேயே தனியாக ஒரு டீ இணைப்பு போட்டுப் பிடியுங்கள். அதற்குப் பின், மிஞ்சிய அயனிகளை இழுக்கும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று. டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். வழியில் பித்தளை வால்வு இருந்தால் பிளாஸ்டிக்காக மாற்றுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): குழாய்த் தண்ணீரில் உப்புக் கலந்து 40 லிட்டர் ஊற்றிவிட்டேன், குளோரின் நீக்கி போட மறந்துவிட்டது. மொத்தம் 200 லிட்டர்.

பதில்: உங்கள் ஊரில் குளோரமின். ஆறவைத்தாலோ காற்று விட்டாலோ குளோரின் மாதிரி சீக்கிரம் போகாது. 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட் என்று கணக்கு வைத்தால் தாராளம். 2 பி.பி.எம். என்று கொண்டால் 40 லிட்டரில் 80 மில்லிகிராம், 0.56 கிராம் பொடியைக் கரைத்து ஊற்றுங்கள். குளோரமின் உடைந்தால் அம்மோனியா மிஞ்சும், ஆனால் இந்தக் கணக்கில் தொட்டி முழுக்கப் பரவினால் 0.1 பி.பி.எம்.முக்குள்தான். பழகிய கல் இருந்தால் ஒரே நாளில் தின்றுவிடும். அம்மோனியாவையும் கட்டிப்போடும் திரவம் கையில் இருந்தால் அதையே போடலாம். ஆனால் அதன்பின் நெஸ்லர் வகை டெஸ்ட் பொய்யாக உயர்ந்து காட்டும். சாலிசிலேட் வகை டெஸ்ட் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): அடுத்த வாரம் வீட்டில் கரையான் மருந்து அடிக்கிறாங்க. தொட்டியை நகர்த்த முடியாது.

பதில்: உங்கள் எதிரி ஸ்கிம்மர்தான். அறைக் காற்றை இழுத்துப் பொடிப்பொடியாகத் தண்ணீரில் கலக்குவதே அதன் வேலை. மருந்துக் காற்றையும் அப்படியே கலக்கும். அடிக்கும் நேரம் ஸ்கிம்மரும் ஏர் பம்பும் நிற்கட்டும், அல்லது அவற்றின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். தொட்டியையும் சம்ப்பையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டி, பவர்ஹெட்டை மட்டும் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஜன்னல் எல்லாம் திறந்து காற்றாடியபின் ஷீட்டை மெதுவாக உள்பக்கம் மடித்து எடுங்கள். மேலே படிந்ததை உள்ளே தட்டிவிடக் கூடாது. புது கார்பன் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கட்டும். பைரித்ராய்டுகள் கார்பனில் நன்றாக ஒட்டும். தினசரி ராத்திரி போடும் திரவக் கொசுவிரட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): சுண்ணாம்புத் தெளிவு டோசர் ராத்திரி முழுக்க ஓடிருச்சு. தண்ணி பால் மாதிரி, பி.எச். 9.

பதில்: கால்சியத்துக்காகச் சொட்டவிடும் இந்தச் சுண்ணாம்புத் தெளிவின் பி.எச். 12க்கு மேல், அதனால் இந்த ஏற்றம். 8.5 வரை என்றால் தானாக இறங்கட்டும் என்று விடலாம். 9 என்றால் இறக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் இல்லாத ப்ளெயின் சோடா, லிட்டருக்கு 1.5 மில்லி, சம்ப்பில் ஓட்டமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஏறக்குறைய 0.3 இறங்கும். அரை மணி பொறுத்து மறுபடி அளந்து, வேண்டுமானால் இன்னொரு முறை. வினிகரும் இறக்கும், ஆனால் பிறகு பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்னும். சோடா கிடைக்காவிட்டால் மட்டும். பால் நிறம் கால்சியம் கார்பனேட், ஓரிரு நாளில் படியும். அல்கலினிட்டியை (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் காரத்தன்மை) அதற்குப் பிறகு அளங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பாசி துடைக்கிற காந்தம் வெடிச்சு பழுப்பா வழியுது.

பதில்: துருவைவிட அதன் மேல்பூச்சுதான் பிரச்சினை, நியோடிமியம் காந்தங்களுக்கு நிக்கல், செம்பு அடுக்குகள் பூசுவார்கள். காந்தத்தை எடுத்து, வேறொரு காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் கட்டி மணல்மேல் இழுத்துத் துகள்களைப் பொறுக்குங்கள். பாலிஃபில்டர், இரண்டு பெரிய தண்ணீர் மாற்றம். பவர்ஹெட் காந்தங்களையும் இதோடு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): தலையில தேங்காயெண்ணெய் தடவின கையோட விட்டுட்டேன், ஸ்கிம்மர் நுரையே இல்லை.

பதில்: ஒரு நாளில் திரும்பிவிடும். டிஷ்யூ பேப்பரை மேற்பரப்பில் விரித்து எடுங்கள்.

கேள்வி (கோவை, அதே நபர்): கல்லை எறியறதுன்னா, ராமேஸ்வரம் பக்கம் பவழக்கல் கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: வாங்காதீர்கள். கல்பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பீங்கான் கல்லோ, அரகோனைட் கல்லோ வாங்கி பாக்டீரியா ஏற மூன்று முதல் ஆறு வாரம் கொடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி, முதல் கேள்வி கேட்டவர்): மீன் ரெண்டும் பிழைச்சிடுச்சு அண்ணா. மத்ததையெல்லாம் எப்போ விடலாம்?

பதில்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டட்டும். பிறகு இரண்டு நத்தை, ஒரு மலிவான இறால். இரண்டும் சேர்ந்து இருப்பது முக்கியம். ஒன்று செம்புக்குக் காவல், மற்றது பூச்சிமருந்துக்கு. பத்து நாள் தாண்டி, இறால் ஒருமுறை சட்டை உரித்துப் பிழைத்தால் மென்பவழம் ஒன்று விடுங்கள். அது விரிந்து நின்றால் மற்றவை. அனிமோன் எல்லாவற்றுக்கும் கடைசி. விட்டபின் அது சுருங்கி, வாய் பிளந்து, உருக ஆரம்பித்தால் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே கரைந்தால் அம்மோனியா மறுபடி ஏறிவிடும்.