அலாரம் அடித்தும் போன் உறங்குவது ஏன்?

கேள்வி: இரவு 2 மணிக்குத் தரவைச் சர்வருக்கு அனுப்ப ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கிறேன். அலாரம் அடிக்கிறது, ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. சார்ஜரில் இருந்தால் மட்டும் முடிகிறது. போனை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் வேக்லாக் போட்டும் பயனில்லை.

பதில்: அலாரம் அடித்ததும் அதைப் பெறும் ரிசீவரின் ஆன்ரிசீவ் என்ற ஃபங்ஷன் முடியும்வரைதான் ஆண்ட்ராய்டின் அலாரம் மேனேஜர் பிராசஸரை விழிப்பில் வைத்திருக்கும். அதற்குள் வேறொரு த்ரெட்டை (தனியே ஓடும் வேலையை) தொடங்கிவிட்டு வெளியேறினால், அந்த த்ரெட்டுக்குக் காவல் இல்லை. வேக்லாக் ஏன் உதவவில்லை? ஆண்ட்ராய்டு 6 முதல் வந்த டோஸ் நிலையில், அதாவது பயன்படுத்தாத போன் பேட்டரியைச் சேமிக்க ஆழ்ந்து உறங்கும்போது, சிஸ்டம் வேக்லாக்கைப் பொருட்படுத்தாது, நெட்வொர்க்கையும் நிறுத்திவிடும். சார்ஜர் செருகியிருந்தால் டோஸ் வராது. உங்கள் குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

சரியாக 2 மணியேதான் வேண்டுமா, விடிவதற்குள் போனால் போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் பின்னதே போதும். அப்படியானால் வேலையை, பின்னணி வேலைகளை ஏற்ற நேரத்தில் ஓட்டும் ஒர்க்மேனேஜர் என்ற லைப்ரரியிடம் கொடுத்து, நெட்வொர்க் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். டோஸ் இடையிடையே தரும் பராமரிப்பு நேரத்தில் அது ஓடும். வேக்லாக்கையும் அதுவே பிடித்து விடுவிக்கும். ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 10 நிமிடமே கிடைக்கும் என்பதால், பெரிய தரவைத் துண்டு துண்டாக அனுப்பி, எதுவரை போனது என்று குறித்துவையுங்கள். திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம்.

வேறிடத்தில் வேக்லாக் எடுத்தால் காலவரம்பு கட்டாயம் கொடுங்கள். விடுவிப்பதை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் எழுதுங்கள். பிழை வந்து விடுவிக்காமல் போனால் பேட்டரி வீணாகக் கரையும்.