வைரஸ் காய்ச்சலும் உடம்பு வலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் மகனுக்கு வைரஸ் காய்ச்சல். "ஆன்டிபயாடிக் வேண்டாம், அவன் உடம்பே பார்த்துக்கொள்ளும்" என்றார் டாக்டர். வெள்ளை அணுக்கள் வைரஸைக் கொல்லும் புரதத்தை விடுகின்றன என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பிள்ளை ஏன் மூன்று நாள் உடம்பு வலியில் முனகிக் கிடந்தான்?

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் இப்போது தேறியிருப்பான் என்று நம்புகிறேன்.

நீங்கள் படித்தது இன்டர்ஃபெரானைப் பற்றி. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் கண்டுபிடித்தது. ஆனால் அது வைரஸைக் கொல்வதில்லை, தொடுவதுகூட இல்லை. வைரஸ் புகுந்த செல் அதை வெளியே விடும். அது வந்து சேர்ந்ததும் பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அப்புறம் வைரஸ் உள்ளே வந்தாலும் தன் புரதங்களைச் செய்துகொள்ள முடியாமல் திணறும். இன்டர்ஃபெரானை மிக அதிகமாகச் சுரப்பது, வெள்ளை அணுக்களில் ஒரு சதவீதம்கூட இல்லாத ஒரு வகை.

உங்கள் கேள்விக்கான விடை பின்லாந்தில் தொடங்குகிறது. ஹெல்சிங்கியில் காரி கான்டெல் என்ற அறிவியலாளர் இருந்தார். கொடையாக வந்த ரத்தத்தில் சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் பிரித்தபின் மிஞ்சும் மெல்லிய வெள்ளைப் படலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் வாங்குவார். அதில் எலிகளைத் தாக்கும் சென்டாய் வைரஸைச் சேர்த்து ஓர் இரவு வைத்தால் வெள்ளை அணுக்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கும். 1970களில் நோயாளிகளுக்குப் போட்டுச் சோதித்த இன்டர்ஃபெரானில் பெரும்பகுதி அங்கே செய்ததுதான். யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம் அது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஆனால் அத்தனை பாடுபட்டும், அந்த மருந்திலிருந்த புரதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே இன்டர்ஃபெரான்.

ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சல், குளிர், உடம்பு வலி எல்லாம் வந்தன. கலந்திருக்கும் மற்ற புரதங்கள்தான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். 1980இல் சூரிக்கில் சார்லஸ் வைஸ்மன் குழு, மனித மரபணுவை பாக்டீரியாவில் வைத்து இன்டர்ஃபெரான் செய்துகாட்டியது. அந்த வழியில் சுத்தமான மருந்து கிடைத்தது. அதைப் போட்டாலும் அதே காய்ச்சல், அதே வலி! காரணம் கலப்படம் இல்லை, இன்டர்ஃபெரானேதான்.

உங்கள் மகன் முனகியதில் ஒரு பங்கு இதனால். வைரஸ் ஒரு பக்கம் படுத்த, அதைத் தடுக்கும் புரதமும் சேர்ந்து வலிக்கவைத்தது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி வந்தவர்கள் இந்த இன்டர்ஃபெரான் ஊசியை 48 வாரம்கூடப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. நல்லவேளை, அந்த நோய்க்கு இப்போது மாத்திரை வந்துவிட்டது.

சரி, வலி நல்லதுக்குத்தான் என்று பிள்ளையைத் தவிக்கவிட வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். தண்ணீரோ கஞ்சியோ நிறையக் குடிக்கட்டும்.